கேள்வி பதில்: சொன்னது போய்ச் சேர்ந்ததா?

கேள்வி: தேவகோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் சபையில் ஏறத்தாழ எழுபது குடும்பங்கள் உள்ளன. ஆராதனையின் முடிவில் பதினைந்து நிமிடம் அறிவிப்பு வாசிக்கிறோம். அதையே வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறோம். ஆனாலும் ஜெபக்கூட்டத்துக்கு வராதவர்களைக் கேட்டால், "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்கிறார்கள். கைப்பேசிக் காலத்தில் மக்களுக்குக் கவனமே இல்லாமற் போய்விட்டது என்று கருதி, பெரிய ஸ்பீக்கர் வாங்கவும், இன்னொரு வாட்ஸ்அப் குழு தொடங்கவும் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. சபைச் செயலரான எனக்கு இது சரியென்று படவில்லை. தங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஸ்பீக்கருக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வழக்கமாக அமரும் முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிப் பக்கத்தில் ஓர் ஆலயத்தில் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடிபோல் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை. பார்வைக்கு அழகு, பேச்சுக்கு எமன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் "காந்தி வீதியில்" என்று அறிவித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் அதைச் "சாந்தி வீட்டில்" என்று கேட்டுக்கொண்டு, "அவள் ஊரிலேயே இல்லையே" என்று என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

அவருடைய காதிலும் குறையில்லை, கவனத்திலும் குறையில்லை. வழுவழுப்பான கல்லும் சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், பலமாக ஒலிக்கும் உயிரோசைகள் கட்டடத்துக்குள் நீண்டு நின்று, அடுத்து வரும் மெல்லிய மெய்யோசைகளை மூடிவிடுகின்றன. காந்தி சாந்தியாவதும் வீதி வீடாவதும் இதனால்தான். இப்படிப்பட்ட இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். ஆகையால் பெரிய பெட்டி ஒன்றைப் பீடத்தின் பக்கம் நிறுத்துவதைவிட, சிறிய பெட்டிகள் சிலவற்றைப் பக்கச் சுவர்களில், உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்கு அருகே வரும்படி பொருத்தி, ஒலியைத் தாழ்த்தி வையுங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்து, ஜன்னல்களில் கனத்த திரை போட்டாலே பாதி வித்தியாசம் தெரியும். வாசிப்பவர் மைக்கை மார்புக்கு நேரே பிடிக்காமல் வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்து, தேதியையும் நேரத்தையும் சொன்னபின் ஒரு மூச்சு நிறுத்தினால் மீதியும் சரியாகும்.

மக்களுக்குக் கவனமில்லை என்பதை நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கி நடத்திய விழாக்களில், மணிக்கணக்காக அமர்ந்து பாட்டும் உரையும் கேட்டவர்கள் இந்த மண்ணின் மக்கள்தாம். குறித்த மணிக்குத் தொடங்குவதிலும், பேச்சாளருக்குத் தந்த நேரத்தைக் காப்பதிலும் அவர் காட்டிய கண்டிப்பு இன்றும் இந்தப் பக்கத்தில் பேசப்படுகிறது. தன் நேரத்தை மதிக்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்பவர் காதைத் தருவார். கேட்டதையே மூன்றாம் முறை கேட்க நேர்ந்தால், உடம்பை மட்டும் பெஞ்சில் வைத்துவிட்டு மனத்தால் வீட்டுச் சமையலுக்குப் போய்விடுவார். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், எக்காளம் விளங்காத சத்தமிட்டால் போருக்கு யார் ஆயத்தமாவார் என்று கேட்கும் பவுல், புரியாத பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரியும் ஐந்து வார்த்தைகளே தமக்கு மேலானவை என்கிறார். அவர் எழுதியது அந்நிய பாஷையைப் பற்றித்தான் என்றாலும், உங்கள் பதினைந்து நிமிட அறிவிப்புத் தாளையும் அந்த அதிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அந்த வாரத்தில் சபையார் செய்ய வேண்டியவை இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றை மட்டும் வாசியுங்கள். சென்ற வாரக் காணிக்கைக் கணக்கும் நன்றி அறிவிப்புகளும் வாசல் பலகையில் இருக்கட்டும்.

இரண்டாவது வாட்ஸ்அப் குழு வேண்டாம். இருக்கிற குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் யாரோ அனுப்பச் சொன்ன காணொளிகளுக்கும் நடுவே ஓர் அடக்க ஆராதனைச் செய்தி புதைந்துபோய், துக்க வீட்டுக்கு மறுநாள் போய் நின்ற அனுபவம் எனக்கே உண்டு. அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிட்டு, முதல் வரியிலேயே நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

எனினும், "யாரும் சொல்லவில்லையே" என்ற அந்தப் பேச்சைத்தான் கமிட்டி இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு எத்தனை அழகாகப் பத்திரிகை அடித்தாலும், வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லாவிட்டால் அதை அழைப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பத்திரிகை தபாலில் வந்ததை அறிந்தவரே, "எங்களுக்குச் சொல்லவில்லை" என்பார். அதில் பொய்யும் இல்லை. உங்கள் சபையாரும் செய்தி தெரியாது என்று சொல்லவில்லை. தங்களை ஒருவரும் அழைக்கவில்லை என்கிறார்கள். எழுபது குடும்பங்களை ஏழு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்து வீடுதான். மாதம் ஒருமுறை திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வரட்டும். கைப்பேசி இல்லாத முதியவர்களுக்கும் அதுவே வழி.

கேள்வி: பிரசங்கத்தில் வரும் சொற்கள் எங்கள் வாலிபருக்குப் புரியவில்லை. ஆங்கிலம் கலந்து பேசினால்தான் நிற்பார்கள் என்கிறார் ஒரு மூப்பர். சரியா?

பதில்: ஆங்கிலம் கலந்தால் அவர்களுடைய பாட்டிமாருக்குப் புரியாமற் போகும், அவ்வளவுதான் நடக்கும். "நீதிமானாக்கப்படுதல்" என்பதை "ஜஸ்டிஃபிகேஷன்" என்று சொல்வதால் அந்த இளைஞனுக்கு என்ன விளங்கிவிடும்? சொல்லை வைத்துக்கொண்டே, அதன் பொருளை அவன் அறிந்த வாழ்க்கையிலிருந்து காட்ட வேண்டும். கடன்பட்டவனுக்கு அடகுக் கடையிலிருந்து நகை திரும்பிவரும் நாளைச் சொன்னால் "மீட்பு" என்பதற்கு அகராதி தேவைப்படாது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அயலவர் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளிடம் பேச்சைக் கற்றார் என்றால், நம் போதகர் மாதம் ஒரு மாலை வாலிபரோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பதில் என்ன சிரமம்?

கேள்வி: கிறிஸ்துமஸ் மாதத்தில் ஆலயத்துக்கு வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டுவது எங்கள் வழக்கம். சுற்றிலும் உள்ளவர்கள் முணுமுணுக்கிறார்கள். நற்செய்தியைக் குறைத்துச் சொல்லலாமா?

பதில்: நற்செய்தியைக் குறைக்க வேண்டாம், குழாயை இறக்கிவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பண்டிகை நாட்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மட்டும் அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில்கூட 55 டெசிபலே வரம்பு. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி குறித்த வழக்கிலேயே, பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் நின்றது ஒரு கிறிஸ்தவ சபை என்பதை நாம் கொஞ்சம் வெட்கத்தோடு நினைவில் வைக்கலாம். பாடகர் குழு வீதிக்கு வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நீங்களே ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். தேர்வுக்குப் படிக்கும் பேரன் வீட்டில் இருக்கிறானா என்றும் கேட்டு வாருங்கள்.