டிவியை விட ஆசிரியருக்கு வழி பாருங்கள்

"அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த என்ன செய்யலாம்? நண்பர்கள் சேர்ந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வாங்கித் தரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரை விட்டு வெளியே போய் நல்ல வேலையில் இருப்பவர், படித்த பள்ளியை மறக்காதவர் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனசு பெரிது. ஆனால் டிவி இருக்கட்டும், முதலில் பள்ளியில் எத்தனை ஆசிரியர் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. பிள்ளைகள் ஐம்பது சொச்சம், வகுப்பு ஐந்து. ஏன் இப்படி என்றால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர் என்று இருக்கிறது. தலையைத்தான் எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கும். அந்த முப்பது பேரில் ஆறு வயதும் இருக்கிறது, பத்து வயதும் இருக்கிறது.

இதுவும் இரண்டு பேரும் இருக்கும் நாளின் கணக்கு. தலைமை ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், பாடப்புத்தகம், சீருடை எடுத்துவரும் வேலை, பிள்ளைகளின் வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம், கழிப்பறைக் குழாய் உடைந்தால் ஊராட்சி அலுவலகம். அவர் போன நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம். எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் வருகைப் பதிவு போட சிக்னல் தேடி நான் வாசலுக்குப் போனால் அந்த நேரம் உள்ளே ஆளே கிடையாது. வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் நானும் வீடு வீடாகப் போக வேண்டும். அதே சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கும் என்பது செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டோடு வந்து எங்களிடம் நான்காம் வகுப்பில் சேர்ந்தான். அவன் கொண்டுவந்த பழைய நோட்டைத் திறந்தால் எழுத்து முத்து முத்தாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தது. அவன் எழுதியதையே காட்டி, "இதைப் படிடா கண்ணு" என்றேன். பேசவில்லை. திரும்பக் கேட்டதும் நோட்டைப் பார்க்காமல் கடகடவென்று பாடத்தை ஒப்பித்தான். நடுவில் ஒரு வரியை விரலால் மறைத்துவிட்டு, அதற்கு அடுத்த வரியில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டேன். அது 'பட்டம்'. அவனுக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைகிற மாதிரி பார்த்து எழுதியே மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

பழைய பள்ளியில் அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரும் என்னைப் போல ஐந்து வகுப்போடு அல்லாடியவராகத்தான் இருப்பார்.

அந்தச் சமயம் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். பக்கத்துப் பள்ளியில் உபரியாக இருந்த ஆசிரியை ஒருவர் மாற்றுப்பணியில், அதாவது தற்காலிகமாக, எங்களிடம் வந்தார். மூன்று பேர் ஆனதும் காலையில் முழுசாக ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. அவனோடு இன்னும் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிப்பார்கள். நான்காம் வகுப்புப் பையனாக இருந்தாலும் எழுத்துத் தெரியாவிட்டால் அரும்பிலிருந்து தொடங்கலாம். எனக்கு அந்த முறை மேல் மரியாதை உண்டு. 'படம்', 'மரம்' என்று தொடங்கி, அப்புறம் கால், கொம்பு, கொக்கி என்று ஒவ்வொன்றாக ஏறினோம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கதை அட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தான். பாட்டி ஒருநாள் பள்ளிக் கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சரம்மா, பஸ்ஸு போர்டெல்லாம் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை பிறந்ததும் மாற்றுப்பணியை ரத்து செய்தார்கள். அந்த ஆசிரியை தன் பள்ளிக்குத் திரும்பினார். என் ஒரு மணி நேரமும் அவரோடு போய்விட்டது. மிச்சத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஊர் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். பட்டம் படித்த பெண். பிள்ளைகளுக்குச் சாயந்திரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லிக்கொடுக்க, கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தொடங்கிய திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகையாகக் கொடுத்தார்கள். சாயந்திரம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் அவனுக்கு வாசிப்பு சரளமானது. அந்தப் பெண்ணுக்கு இந்த ஊர் பட்ட கடன் பெரிது.

இந்தக் கதையில் டிவி எங்கேயாவது வந்ததா? பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு "கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு புலம்புகிறார்" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள், தெரியும். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யாத ஆசிரியர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், அவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள். ஆனால் அவர்களைக் காட்டி எங்கள் எல்லோர் வாயையும் அடைக்காதீர்கள்.

சம்பளம் என்றதும் இன்னொன்று. 2009 மே 31-க்குள் வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியருக்கு அப்போது அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைத்தார்கள். மறுநாள் ஜூன் 1 முதல் வந்தவருக்கு 5,200. அதே கல்வித் தகுதி, அதே வகுப்பறை, ஒருநாள் வித்தியாசம். நான் பின்னால் வந்தவள். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுச் சென்னையில் தரையில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் எங்கே பேச்சு வந்தாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குள் தினமும் காலையில் தனியார் பள்ளி வேன் வருகிறது. நிறைய பிள்ளைகள் அதில்தான் போகிறார்கள். சிலருக்கு, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இட ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டுகிறது. ஏழைப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "ரெண்டு டீச்சர்தானே இருக்காங்க" என்று பெற்றோர் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள். பிள்ளை குறைந்ததால் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் வருவதில்லை. அது வராததால் அடுத்த வருடம் இன்னும் நாலு பேர் வேனில் ஏறுகிறார்கள். காலை உணவு, முட்டை, நாலு செட் சீருடை எல்லாம் நல்ல திட்டங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் இந்தச் சுழலை அவை மட்டும் நிறுத்தாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று விதியை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. டிவிக்கு வைத்திருக்கும் பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசி, தீர்மானம் போட்டு, உள்ளூரில் படித்த ஒரு பெண்ணுக்கு வருடம் முழுவதும் மாதச் சம்பளமாகக் கொடுங்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான், நேராகப் பேசலாம். இன்னொன்று, ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். அதனால் ஊருக்கு வருவதை தீபாவளிக்குத் தள்ளாமல் மே, ஜூனில் வாருங்கள். உங்கள் அண்ணன், சித்தப்பா வீடுகளில் வேனில் ஏறும் பிள்ளைகள் இருந்தால் முதலில் அங்கே உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பள்ளிப் பதிவேட்டில் 61-க்கு எத்தனை பேர் குறைகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.