செஃப் ஆக எத்தனை வருடம் பிடிக்கும்?

நட்சத்திர ஹோட்டல் கிச்சனை வைத்துச் சொல்கிறேன். ஒரு செக்‌ஷனைப் பொறுப்பெடுத்து நடத்தும் செஃப் டி பார்ட்டி ஆக, படிப்பையும் சேர்த்து ஏழெட்டு வருடம். தலைமைச் செஃப்புக்கு அடுத்த நிலையான சூ செஃப் ஆக மேலும் நாலைந்து.

சென்னை தரமணியில் உள்ள ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியான ஐ.ஹெச்.எம்.மில் பி.எஸ்சி. 3 வருடம். ஆனால் அது முழுக்கச் சமையல் படிப்பு இல்லை. ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சர்வீஸ் எல்லாம் உண்டு. ஹோட்டல் பயிற்சியிலும் இந்த டிபார்ட்மென்ட்களைச் சுற்றி வர வேண்டும் என்பதால் அடுப்படியில் நிற்பது சில வாரம்தான். கிச்சன்தான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒன்றரை வருட ஃபுட் புரொடக்‌ஷன் கிராஃப்ட் கோர்ஸே மேல்.

எதைப் படித்தாலும் பெரும்பாலும் கீழ்ப்படியான கமி வேலையில்தான் சேர்வீர்கள். முதல் வருடம் காய் நறுக்குவதிலேயே போகும். பலர் வெறுத்து ஓடுவது இங்கேதான். அவசரப்படாதீர்கள். பிரியாணிக்கு வறுக்கும் வெங்காயத்தையே பாருங்கள். 2 மி.மீ. கனத்தில் ஒரே சீராக இல்லாவிட்டால், தடித்த துண்டு சிவப்பதற்குள் மெல்லியது கருகிவிடும். கருகியது ஒரு பிடி சேர்ந்தாலே அண்டா முழுக்கக் கசப்பு. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, வறுபடாமல் வெந்துபோகும். வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே அரித்தெடுத்துத் தட்டில் பரப்பிவிட வேண்டும், மிச்சத்தை உள்சூடே சிவக்க வைக்கும். அந்த "சற்று முன்பு" எது என்பது திரும்பத் திரும்ப வறுத்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

கை பழகினால் மட்டும் பதவி உயராது, கணக்கும் வர வேண்டும். முழு மீன் கிலோ 600 ரூபாய், சுத்தம் செய்தால் 45 சதவீதம்தான் ஃபில்லே (முள் நீக்கிய சதை) தேறும் என்றால், ஃபில்லே கிலோ 1,333 ரூபாய் அடக்கம். 600-ஐ வைத்து மெனு விலை போட்டால் ஒவ்வொரு தட்டும் நஷ்டம். இன்டென்ட் (ஸ்டோரிலிருந்து வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல்) எழுதும் வேலையைக் கமியாக இருக்கும்போதே கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

காலம் இழுப்பதற்கு முக்கியக் காரணம் ஒரே செக்‌ஷனில் தேங்கிவிடுவது. தந்தூரில் கை தேர்ந்தவரை அங்கிருந்து விட மாட்டார்கள். இன்டர்வியூவிலேயே செக்‌ஷன் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் மாற்றித் தரும் ஹோட்டலில் சேருங்கள்.