பதில்: மைன்கிராஃப்ட் சர்வரில் சிறுமியிடம் படம் கேட்ட ஆள், என் மேல் வழக்கு வருமா?

குன்னூர் வீட்டிலிருந்து 40 பேருக்கு மைன்கிராஃப்ட் ஆன்லைன் விளையாட்டு சர்வர் நடத்துறீங்க, ஒருவன் 13 வயசுப் பொண்ணுகிட்ட ஆபாசப் படம் கேட்டிருக்கான், அவங்க அப்பா உங்க மேலயும் புகார் தருவேன்கிறார். சரிதானே?

வீரர்கள் எழுதியதற்கு ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 79-ஆம் பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு தரும். ஆனா உரிய கவனத்தோட நடத்தியிருக்கணும். "கோர்ட் உத்தரவு வந்தா பார்த்துக்கலாம்" என்ற வாதம் இங்க எடுபடாது. ஏன்னா போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் தெரிஞ்ச எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லாம விட்டா 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. உங்களுக்கு ஆபத்து இந்த மௌனத்தில்தான். இன்னைக்கே குன்னூர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்க. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம்.

அவனைத் தடை செய்யுங்க, கணக்கை அழிக்காதீங்க. ஸ்பிகாட், பேப்பர் என்ற மென்பொருளில் ஓடுற சர்வர்னா தனிச்செய்திக் கட்டளைகள் வழக்கமா லாக்ஸ் (பதிவு) ஃபோல்டரில் விழும். மழையில் கரண்ட் போய் டிஸ்க் அடிவாங்குறதுக்குள்ள அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து, எஸ்.ஹெச்.ஏ-256 ஹாஷ் (ஃபைல் மாறலைன்னு காட்டுற கைரேகை மாதிரி எண்) குறிச்சு வைங்க. மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் கேட்பாங்க. சர்வர் நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருந்தா இந்திய நேரத்தோட 5:30 மணி வித்தியாசத்தையும் எழுதுங்க, இல்லன்னா ஐ.பி. (இணைய முகவரி) விவரம் தப்பான ஆளைக் காட்டலாம்.

படம் ஏதாவது உண்மையிலேயே வந்திருந்தா யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க, அப்பாவுக்கும் கூட. அனுப்புறதே ஐ.டி. சட்டம் 67-பி பிரிவுக் குற்றம்.