பெரிய தாள், சின்ன எழுத்து

வணக்கம் அக்கா,

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்துவிட்டேன். சிறு வயதிலிருந்தே எனக்குப் பார்வை குறைவு. தடித்த கண்ணாடி போட்டும் வெண்பலகையில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காரும் தோழி மெதுவாக வாசிக்க, கேட்டு எழுதிக்கொள்வேன். புத்தகத்தை மூக்கருகே வைத்தால் படித்துவிடுவேன். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும் யுபியு பாரத்தில் ஓகேயுவா, அதாவது மாற்றுத்திறனாளியா, என்று ஒரு கேள்வி இருக்கிறது. ‘ஆம்’ போடு, சமூக நல இலாகாவின் ஓகேயு கார்டும் எடு என்கிறார் ஆசிரியை. அப்பா வேண்டாம் என்கிறார். “கார்டு எடுத்தால் ஆயுசுக்கும் முத்திரை. நாளைக்கு வேலை, கல்யாணம் எல்லாம் இருக்கு” என்பது அவர் பேச்சு. பாவம் பார்த்து இடம் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கும் இருக்கிறது. இத்தனை வருஷம் சமாளித்த மாதிரி அங்கேயும் சமாளித்துக்கொள்ள முடியாதா?

(பெயர் வெளியிடவில்லை)

---

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைத் திரையில் பெரிதாக்கி, இரண்டிரண்டு வரியாக நகர்த்தித்தான் படித்தேன். எனக்கும் கண் உன்னுடையதைப் போலத்தான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ‘ஆம்’ போடு. கார்டும் எடு.

சமாளிப்பதைப் பற்றி முதலில். ஆறாம் படிவத்தில் உன் வகுப்பில் எத்தனை பேர் இருந்திருப்பீர்கள், இருபதா? ஆசிரியைக்கு உன் வீடு தெரியும், தோழிக்கு உன் கண் தெரியும். பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர்கூட இருப்பார்கள். விரிவுரையாளர் ஸ்லைடைக் காட்டி, “இதிலிருந்து இது வருகிறது, சரியா?” என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எதிலிருந்து எது? வாசித்துச் சொல்ல வேண்டிய தோழி வேறு மாநிலத்தில் வேறு படிப்பில் இருப்பாள்.

நானும் சமாளித்தவள்தான். நான் படித்த கல்லூரியில் முதல் இரண்டு செமஸ்டரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் வேறு வழியில்லாமல் சொன்னேன். பெரிய எழுத்தில் கேள்வித்தாள், கூடுதலாக அரை மணி நேரம் என்று ஒப்புக்கொண்டார்கள். தேர்வு அன்று போய் உட்கார்ந்தால் எதிரே ஒரு ஏ3 தாள். ஏ4 தாளை அப்படியே நகல் இயந்திரத்தில் போட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். ஏ4, ஏ3 ஆகும்போது எழுத்து 1.4 மடங்குதான் வளரும். 12 அளவு எழுத்து 17 ஆகும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது 24. நாற்காலியோடு ஒட்டிய சின்னப் பலகைதான் மேசை. தாளை விரித்தால் விடைத்தாளுக்கு இடமில்லை. மூக்கை ஒட்டி ஒரு வரியைத் தொடர்ந்தால் வலது ஓரத்துக்குப் போவதற்குள் பக்கத்துப் பையனின் முழங்கையில் இடிப்பேன். இப்படி நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, கண்காணிப்பாளர் வந்து விடைத்தாளை இழுத்தார். கூடுதல் நேரம் பற்றி அவரிடம் யாரும் சொல்லவே இல்லையாம். நான் விளக்கம் சொல்ல, அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைசிக் கேள்வி வெறுமையாகவே போனது.

அப்போது கோபம் முழுவதும் அவர்கள் மேல்தான். அப்புறம்தான் யோசித்தேன். “பெரிய எழுத்து” என்று மட்டும்தானே கேட்டிருந்தேன்? பெரிது என்றால் எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

ஆகவே நீ செய்ய வேண்டிய முதல் வேலை இது. டவுனில் பிரிண்ட் எடுக்கும் கடைக்குப் போ. ஒரே பத்தியை 16, 18, 20, 24 அளவுகளில் எடுத்துக்கொள். எதை அரை மணி நேரம் கண் வலிக்காமல் படிக்க முடிகிறது என்று வீட்டில் பார். அப்புறம் இப்படிக் கேள்: ஏ4 தாளில், இந்த அளவில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டது, நகல் இயந்திரத்தில் பெருக்கியது வேண்டாம். வரைபடம் வரும் பாடமானால் கோடுகள் வெளிர் நிறத்தில் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்.

விரிவுரை ஸ்லைடுகளை முன்கூட்டியே கோப்பாகக் கேட்டு வாங்கு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஜாக்கிரதை. அது வெறும் படம், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரை வாசிப்பான், எழுத்தாக மாற்றாமல் அதை வாசிக்காது. என்விடிஏ என்று ஒரு திரை வாசிப்பான் இருக்கிறது, இலவசம். மலாயும் வாசிக்கும், தமிழும் வாசிக்கும். தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும், பழகிவிடும். இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள். கண் களைத்த பிறகும் காது வேலை செய்யும்.

சட்டத்தில் இருப்பதையும் தெரிந்துகொள். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, கட்டடம், கருவி, பாடப்பொருள், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் நியாயமான மாற்றங்களை அரசும் தனியார் கல்வி நிலையங்களும் செய்துதர வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை. அதனால்தான் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டியிருக்கிறது. கல்வி அமைச்சு 2019இல் வெளியிட்ட வழிகாட்டியை ஒட்டி, பல்கலைக்கழகங்களில் ஓகேயு மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு வைக்கிறார்கள். சில இடங்களில் நன்றாக நடக்கும். சில இடங்களில் வேறு நான்கு வேலையும் பார்க்கும் ஒரே ஓர் அதிகாரிதான் இருப்பார். இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே அந்தப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடு, அறிமுக வாரம் வரை காத்திருக்காதே. ஒப்புக்கொண்டதைக் கடிதமாக வாங்கிக்கொள். தேர்வு தொடங்கும் முன்பே கண்காணிப்பாளரிடம் அதைக் காட்டு. தொடங்கிய பிறகு காட்டினால் என் கதைதான்.

கார்டுக்கு முதலில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி கண் பிரிவில் மருத்துவர் பாரத்தை நிரப்பித் தர வேண்டும். கண்ணாடி போட்டும் பார்வை 6/18ஐ விட மோசமாக இருந்தால் ‘குறைபார்வை’ வகையில் வருவாய். மற்றவர்களுக்கு 18 மீட்டரில் தெரிவது உனக்கு 6 மீட்டருக்குப் போனால்கூடத் தெரியாத நிலை அது. பிறகு கோலகங்சார் மாவட்டச் சமூக நல இலாகா. கார்டு கையில் இருந்தால் உயர்கல்வி அமைச்சின் ஓகேயு மாணவர் நிதியுதவிக்கு மனுச் செய்யலாம். கட்டணத்துக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, கைச்செலவுக்கு மாதம் 300 வெள்ளி. தோட்டத்துச் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை என்று அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்பாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் யோசித்துப் பார். தோட்டத்து லய வீடுகளில் உன் கண்ணாடியைப் பார்க்காதவர் யார்? பெண் கேட்டு வருகிறவர் சமூக நல இலாகாவிலா விசாரிக்கப் போகிறார்? எதிர்வீட்டு அக்காவைத்தான் விசாரிப்பார். அவரிடம் கார்டை விட நிறைய விவரம் இருக்கும். பட்டச் சான்றிதழில் ஓகேயு என்று அச்சடிக்க மாட்டார்கள். அரசு வேலையில் 1 சதவீதம் ஓகேயுவுக்கு என்பது கொள்கை. தனியாரில் நம்மைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் நீ ஒரு தாளை மூக்கருகே கொண்டுபோகும்போது கார்டு இல்லாமலே தெரிந்துவிடும்.

பாவம் பார்த்துக் கொடுத்த இடம் என்பதும் சரியில்லை. குறைந்தபட்சத் தகுதி இல்லாமல் ஓகேயு வழியிலும் நுழைய முடியாது. கூடுதல் அரை மணி நேரத்தில் விடை தானாக வந்துவிடாது. நம் கண் ஒரு வரியைப் பிடித்து அடுத்த வரிக்குப் போக எடுக்கும் நேரத்துக்குத்தான் அது ஈடு. அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் எழுது. எழுத்தின் அளவு 24 இருக்கட்டும், எனக்கும் அதுதான் வசதி.

அன்புடன்,
அக்கா