பல்லுக்கு எங்கே எவ்வளவு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பல் வைத்தியச் செலவு பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி, மருந்தகம் என்றால் கிளினிக். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் போய் இரண்டு வருடம் ஆகிறது. இங்கே கடைத்தொகுதியில் உள்ள மருந்தகத்தில் இம்பிளான்ட் 4,800 வெள்ளி என்கிறார்கள். சென்னையில் தங்கை விசாரித்ததில் 38,000 ரூபாய். 600 வெள்ளிகூட வராது. தீபாவளிக்கு இரண்டு வாரம் போகிறேன். முடித்துக்கொண்டு வந்துவிடலாமா?
— வாசகர், ஈசூன்

பதில்: தொடங்கிவிட்டு வரலாம், முடிக்க முடியாது.

இம்பிளான்ட் என்பது மூன்று உருப்படி. எலும்புக்குள் போகும் டைட்டேனியம் திருகு, அதன் மேல் பொருத்தும் இணைப்புத் துண்டான அபட்மென்ட், கடைசியாக வெளியே தெரியும் பல் உறையான கிரவுன். திருகை வைத்த பிறகு எலும்பு அதைப் பற்றிக்கொள்ளக் கீழ்த்தாடையில் மூன்று மாதமாவது விடவேண்டும், மேல்தாடையில் இன்னும் கூடுதலாக. அதற்குமுன் கடைவாயில் கிரவுனை மாட்டி மெல்லத் தொடங்கினால் திருகு அசையும். அசைந்த திருகு எலும்போடு சேராது, கழற்றத்தான் வேண்டும். 'ஒரே வாரத்தில் பல்' என்ற விளம்பரங்கள் எலும்பு நன்றாக உள்ள சிலருக்கு, பெரும்பாலும் முன்பல்லுக்கு, தற்காலிகப் பல் வைப்பதைச் சொல்கின்றன.

பல் போய் இரண்டு வருடம் என்கிறீர்கள். அந்த இடத்தில் எலும்பு குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் சொல்லப்பட்ட எந்த விலையும் உங்கள் விலை இல்லை. எலும்புத்தூள் வைக்கவேண்டி வந்தால் அது தனிக் கட்டணம். 38,000 என்பது திருகுக்கு மட்டுமா, அபட்மென்டும் கிரவுனும் சேர்த்தா, எந்த நிறுவனத்தின் திருகு? ஸ்ட்ராமன், நோபெல் பயோகேர் போன்றவற்றுக்கும் கொரியாவின் ஆஸ்டெம், டென்டியம் போன்றவற்றுக்கும் விலையில் நல்ல இடைவெளி உண்டு. கொரியத் திருகு மட்டம் என்று அர்த்தமில்லை. ஒரே வகையோடு ஒரே வகையை ஒப்பிடவேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். இரண்டு பயணம், டிக்கெட் ஒன்றுக்கு 450 வெள்ளி என்று வைத்தால் 900. சிகிச்சை 600, எலும்புத்தூளும் ஸ்கேனும் ஒரு 300. மொத்தம் 1,800. சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அதையும் கூட்டுங்கள். அப்போதும் சென்னைதான் மலிவு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இங்கே அங்கீகாரம் பெற்ற மருந்தகத்தில் செய்தால் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு, மத்திய சேமநிதியில் உள்ள உங்கள் மருத்துவச் சேமிப்பான மெடிசேவை எடுக்கலாம். அதுவும் உங்கள் பணம்தான் என்றாலும், கையிலிருந்து கொடுக்கவேண்டிய ரொக்கம் குறையும். சென்னை மருந்தகத்துக்கு மெடிசேவ் செல்லாது.

எப்படியும் வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவர் என்றால் செய்யுங்கள். இறங்கிய இரண்டு நாளுக்குள் திருகை வைத்தால், ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரித்துப் புண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஜூன் விடுமுறையில் கிரவுன். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லை, புகைக்கிறீர்கள் என்றால் திருகு தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது மருத்துவர் பக்கத்தில் இருப்பதே மேல்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் 'பல் கிரவுன் பாதி விலை, இன்று இரவுக்குள் 300 வெள்ளி முன்பணம்' என்று வந்தது. நம்பலாமா?
— வாசகி, பிடோக்

பதில்: கட்டாதீர்கள். வாயைப் பார்க்காமல் முன்பணம் கேட்பவர் மருத்துவர் இல்லை.

கேள்வி: ஜொகூர் பாருவில் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் 1,100 ரிங்கிட், கிரவுன் 1,300 ரிங்கிட். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள மருந்தகத்தில் 1,100 வெள்ளி, 900 வெள்ளி. எண் ஒன்றுபோல இருக்கிறது, பணம் வேறு! எல்லாரும் அங்கே போ என்கிறார்கள்.
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வெள்ளிக்கு 3.3 ரிங்கிட் என்று பிடித்தால் அங்கே 2,400 ரிங்கிட் ஏறத்தாழ 730 வெள்ளி, இங்கே 2,000. வித்தியாசம் பெரிது. உட்லண்ட்ஸில் இருப்பவருக்குப் பயணமும் பெரிய பாடில்லை. நான்கு முறை போகவேண்டியிருக்கும்: வேர்க்குழாயைச் சுத்தம் செய்து நிரப்ப இரண்டு, பல்லைச் செதுக்கி அச்செடுக்க ஒன்று, கிரவுன் ஒட்ட ஒன்று. சனிக்கிழமை வேண்டாம். வார நாளில் காலை நேரமாகப் பாருங்கள், சோதனைச்சாவடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால் நல்லது.

கேட்கவேண்டியவை சில உண்டு. பல் அதிகம் உடைந்திருந்தால் உள்ளே போஸ்ட் எனப்படும் சிறு தண்டை வைத்துக் கட்டவேண்டும். அது விலையில் சேர்ந்ததா? மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் ஒன்று ஒளிந்திருப்பது சகஜம். அதைத் தவறவிட்டால் பல மாதம் கழித்து வலி திரும்பும். ஆகவே உருப்பெருக்கியோடு வேலை செய்கிறாரா, பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுகிறாரா என்று கேளுங்கள். எச்சில் உள்ளே போனால் கிருமியும் போகும்; திரை கட்டாத இடத்தில் நான் வேர் சிகிச்சையைப் பரிந்துரைக்கமாட்டேன். மருத்துவர் பெயரை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடிப்பாருங்கள். அந்த ஆண்டுக்கான தொழில் உரிமமும் இருக்கவேண்டும்.

இடையில் நின்றுவிடாதீர்கள். வலி போனதும் பலர் கிரவுனை ஒத்திப்போடுகிறார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அது கசிந்தால் செய்த வேலை வீண், கிரவுன் இல்லாத கடைவாய்ப் பல் நெடுக்காகப் பிளந்தால் பிடுங்குவது ஒன்றே வழி. முதல் அமர்வுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி இருப்பது இயல்பு. முகம் வீங்கினால் எல்லை தாண்டக் காத்திருக்காமல் இங்கேயே யாரிடமாவது போங்கள்; அதற்கு ஒரு 150 வெள்ளியை ஒதுக்கிவையுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. உங்களிடம் அரசாங்கத்தின் மருத்துவ மானிய அட்டையான சாஸ், நீலம் அல்லது ஆரஞ்சு நிறத்தில், இருக்கிறதா? வேர் சிகிச்சைக்கும் கிரவுனுக்கும் அதில் மானியம் உண்டு. பச்சை அட்டைக்குப் பல் மானியம் இல்லை. பலரும் ஜொகூர் விலையை இங்குள்ள மிக உயர்ந்த விலையோடு ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். சிங்கப்பூரில் ஒரே விலை கிடையாது. கடைத்தொகுதி மருந்தகம், வீடமைப்புப் பேட்டை மருந்தகம், சாஸ் மானியம், பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவு, அங்கிருந்து பரிந்துரையோடு போகும் தேசியப் பல் மருத்துவ நிலையம், மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தரும் தேசியப் பல்கலைக்கழக மருந்தகம் என்று பல படிகள் உண்டு. பொதுவாக விலை இறங்க இறங்கக் காத்திருக்கும் காலம் ஏறும். இவற்றில் உங்களுக்கு உரியதைக் கேட்டறிந்த பிறகு பாலத்தைத் தாண்டுங்கள்.

கேள்வி: போன வருடம் பாங்காக்கில் விடுமுறையின்போது மூன்று நாளில் முன்பற்கள் எட்டுக்கும் கேப் (கிரவுன்) போட்டேன். இப்போது ஈறில் ரத்தம், ஒன்று ஆடுகிறது. ரசீது தொலைந்துவிட்டது, எக்ஸ்ரே எதுவும் தரவில்லை, என்ன பொருள் என்றும் தெரியாது. இங்கே எட்டையும் மாற்ற 9,000 வெள்ளி கேட்கிறார்கள். இது கொள்ளை இல்லையா?
— வாசகர், செங்காங்

பதில்: ஒரு பல்லுக்கு 1,125 வெள்ளி. இங்கே தனியார் மருந்தகத்தில் அது கொள்ளை இல்லை. நல்ல பற்கள் எட்டைச் செதுக்கச் சம்மதித்துவிட்டு ஒரு தாளும் வாங்காமல் விமானம் ஏறியது உங்கள் முடிவு.

எட்டையும் உடனே மாற்ற ஒப்புக்கொள்ளவேண்டாம். முதலில் ஒவ்வொரு பல்லுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கேப்பின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தாலோ ஒட்டுப்பசை ஈறுக்குள் தங்கியிருந்தாலோ ரத்தம் வரும்; சுத்தம் செய்வதிலேயே சில பற்கள் தேறலாம். ஆடுவது கேப்பா, பல்லா? கேப் மட்டும் கழன்றிருந்தால் மறுபடி ஒட்டலாம். வேர் உடைந்திருந்தால் கதை வேறு. ஈறு நிபுணர் ஒருவரின் கருத்தையும் கேட்டுவிட்டு, எவை அவசரம், எவை காத்திருக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இனி எல்லோருக்கும். எந்த நாட்டில் சிகிச்சை பெற்றாலும் ஆவணம் வாங்காமல் வெளியே வராதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த கடிதத்தில் அதே கதைதான் வருகிறது. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த எக்ஸ்ரே, படக்கோப்பாக, உங்கள் மின்னஞ்சலுக்கு. எந்தப் பல், எந்தப் பொருள், எந்தத் தேதி என்று பிரித்தெழுதிய ரசீது. மருத்துவரின் முழுப்பெயர், பதிவு எண். உத்தரவாதம் என்றால் எத்தனை ஆண்டு, எதற்கு, திரும்பிவரும் பயணச்செலவு யாருடையது என்ற விவரம்.

இம்பிளான்ட் என்றால் இன்னொன்றும் வேண்டும். திருகு வரும் பெட்டியில் ஒட்டுத்தாள் இருக்கும். நிறுவனம், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் உண்டு. அதை ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் அபட்மென்ட் பொதுவாக இன்னொன்றின் திருகில் உட்காராது, முடுக்கும் கருவியும் பெரும்பாலும் வெவ்வேறு. ஐந்து வருடம் கழித்து அபட்மென்டைப் பிடித்திருக்கும் சிறு ஆணி தளர்ந்தால், வகை தெரிந்த மருத்துவருக்கு அது சிறிய வேலை; தெரியாவிட்டால் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகித்து, பாகம் தேடி, கிடைக்காவிட்டால் நன்றாக இருக்கும் திருகையே எலும்பிலிருந்து எடுக்கவேண்டி வரும். வெளிநாட்டு இணையக் கடையில் நான் வாங்கிய பல் கழுவும் தண்ணீர்ப் பீய்ச்சி, மாற்று முனை கிடைக்காததால் குப்பைக்குப் போனது. அதில் போனது 60 வெள்ளி. தாடை எலும்பில் அப்படி நடக்கக்கூடாது.

கேள்வி: சென்னையில் பல் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்ன இங்குள்ள முகவரிடம் 1,200 வெள்ளி கட்டினேன். விமானச் சீட்டும் வரவில்லை, பணமும் வரவில்லை. மூன்று மாதமாக 'அடுத்த வாரம்' என்கிறார். அம்மாவின் பல்லுக்காகச் சேர்த்த காசு.
— வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. பணம் இங்கே, சிங்கப்பூரில் கைமாறியிருப்பது உங்களுக்குச் சாதகம்; சென்னை மருந்தகத்திடம் நேரடியாகக் கட்டியிருந்தால் இங்கிருந்து வழக்காடுவது பெரும்பாடு.

இன்றே வாட்ஸ்அப் உரையாடல், பணம் மாற்றிய பதிவு, விளம்பரம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். நிறுவனங்களின் அரசாங்கப் பதிவேடான பிஸ்ஃபைல் தளத்தில் தேடி அந்த நிறுவனத்தின் சரியான பதிவுப் பெயரைக் கண்டுபிடியுங்கள். பிறகு 14 நாள் கெடு வைத்து, தொகையையும் நாளையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும். இரண்டு ஆண்டுக்குள் பதியவேண்டும். உங்கள் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வைத்து இணையத்தில் பதியலாம், வழக்கறிஞர் யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் முகவர் வக்கீல் வைத்து உங்களை மிரட்ட முடியாது. அந்த நிறுவனம் மற்றவர்களிடமும் இப்படி வாங்கியிருப்பதாகத் தெரிந்தால் போலீசிலும் புகார் கொடுங்கள்.

கேள்வி: துவாஸ் விடுதியில் இருக்கிறேன். ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்க 200 வெள்ளி கேட்கிறார்கள். ஊருக்குப் போக இன்னும் ஐந்து மாதம். மாத்திரை போட்டுத் தாங்கிக்கொண்டு ஊரில் பார்த்துக்கொள்ளலாமா?
— ஊழியர் ஒருவர்

பதில்: தாங்காதீர்கள் தம்பி. ஒரு மாத வலி என்றால் சீழ் பிடித்திருக்கக்கூடும். ஐந்து மாதம் அது சும்மா இருக்காது. தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்கமுடியாமை, விழுங்கச் சிரமம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சை அடைக்கும் அளவுக்கு அது பரவும்.

முதலில் நிறுவனத்தில் சொல்லி, செலவைத் தருவார்களா என்று கேளுங்கள். ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பல் சிகிச்சை தருகிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். தனியார் மருந்தகம் என்றால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், எக்ஸ்ரேயும் மருந்தும் சேர்த்தா என்று கேளுங்கள். பல் பிடுங்கிய இடத்தில் புதுப் பல் வைப்பதை நிதானமாக ஊரில் செய்துகொள்ளலாம். அதுவரை 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். அறைத்தோழர் தரும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 80 வயது. முழுப் பல்செட் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் பாதி விலை என்கிறார் அக்கா. அழைத்துப் போகலாமா?
— வாசகர், அங் மோ கியோ

பதில்: வேண்டாம். பல்செட்டின் வேலை கையில் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. அச்சு, கடி அளவு, மெழுகில் போட்டுப் பார்ப்பது, கடைசியில் மாட்டுவது என்று நான்கைந்து முறை போகவேண்டும். மாட்டியபின் புண்படும் இடங்களைத் தேய்த்துக் கொடுக்க மேலும் சில முறை. 80 வயதுக்காரரைப் படகில் ஏற்றி இறக்க முடியாமல் அந்தப் பல்செட் கடைசியில் மேசை இழுப்பறையில் கிடக்கும். அப்பா மூத்தோருக்கான அரசாங்கத்தின் முன்னோடித் தலைமுறைத் திட்டத்தில் உள்ளவர் என்றால் சாஸ் பல் மருந்தகத்தில் அவருக்குச் சிறப்பு மானியம் உண்டு. அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் கேளுங்கள்; இந்த ஆண்டு எவ்வளவு மீதி என்பதை மருந்தகமே பார்த்துச் சொல்லும்.

கேள்வி: வெளிநாட்டில் செய்த பல் வேலை கெட்டுப்போனால் பயணக் காப்புறுதி தருமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: சிகிச்சைக்கென்றே போகிற பயணத்தைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். வழியில் விழுந்து பல் உடைந்தால் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை சாமான் வாங்க ஜொகூர் போகிறோம். ஸ்கேலிங் (பல்லைச் சுத்தம் செய்வது) மட்டும் அங்கே செய்துகொள்ளலாமா?
— வாசகி, செம்பவாங்

பதில்: தாராளமாக. ஒரே அமர்வில் முடிவது, தொடர்வேலை இல்லாதது. ஆனால் உங்கள் கம்பெனியின் பல் சலுகை சிங்கப்பூர் மருந்தகத்துக்கு மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் இங்கே இலவசமாகக் கிடைப்பதற்கு அங்கே காசு கொடுக்கவேண்டாம். போன இடத்தில் 'நான்கு பல் சொத்தை, இன்றே அடைத்துவிடலாம்' என்று சொன்னால் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இன்னொருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.