தம்பானைக்குப் போறது பிழையோ?

அண்ணை, வாற மாசம் நாங்கள் கம்பஸ் பெடியள் வான் பிடிச்சு மகியங்கனைப் பக்கம் தம்பானைக்கு ஆதிவாசிகளான வேடரின்ர கிராமம் பாக்கப் போறம். மனுசரைக் காட்சிப்பொருள் மாதிரிப் போய்ப் பாக்கிறது பிழை எண்டு கூடப் படிக்கிற பிள்ளை ஒண்டு சொல்லுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?
- ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

தம்பி, போங்கோ. ஆனா அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி.

2009இல சண்டை முடிஞ்சாப்பிறகு கிளிநொச்சியில விழுந்து கிடந்த தண்ணித்தாங்கியடியில பஸ் பஸ்ஸா சனம் வந்திறங்கிப் படம் எடுத்தவை, நாங்கள் தறப்பாள் கொட்டில் வாசல்ல இருந்து பாத்துக்கொண்டிருந்தம். அதில ஒரு அம்மா மட்டும் எங்களிட்ட வந்து தண்ணி வாங்கிக் குடிச்சு, பிள்ளையள் எத்தினை பேர் எண்டு அரைகுறைத் தமிழில கேட்டவ. அவவின்ர முகம் மட்டும் தான் இண்டைக்கும் ஞாபகத்தில நிக்குது.

தம்பானையில எனக்கு அந்த அம்மாவின்ர ஞாபகம் தான் வந்தது. ஒரு பெரியவர் என்ர ரெண்டு முழங்கையடியையும் தன்ர ரெண்டு கையாலயும் பிடிச்சு வரவேற்றார், அது தான் அவையின்ர வணக்கம், தோளில கொழுவின கோடாலிப் பிடி கை பட்டுப் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. தங்களை அவை வேடர் எண்டு சொல்லுறேல்லை, வன்னியலத்தோ, காட்டு மனுசர் எண்டு தான் சொல்லுறவை. வன்னியில பிறந்த எனக்கு அந்தச் சொல்லு காதில விழ ஒரு மாதிரி இருந்தது. 1983இல பக்கத்து மாதுறு ஓயாக் காட்டைத் தேசியப் பூங்காவாக்கினாப்பிறகு பரம்பரையா வேட்டைக்கும் தேனுக்கும் போன காட்டுக்குள்ள போறது அவைக்குக் குற்றமாப் போச்சு. எல்லைக்கல்லுப் போட்ட சொந்தக் காணிக்கு வெளியில நிக்கிற எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அம்பு விட்டுக் காட்டுவினம், ஆடிக் காட்டுவினம், அதுக்குக் காசு குடுங்கோ, அது அவையின்ர உழைப்பு, பேரம் பேசாதேங்கோ. கேக்காமல் பிள்ளையளைப் படம் எடுக்காதேங்கோ. நான் போன அண்டைக்கு ஒரு குடும்பம், "போன் வச்சிருக்கிறாங்கள், இவங்கள் உண்மையான வேடர் இல்லை" எண்டு முகத்துக்கு நேரயே சொல்லிச்சுது, எனக்கு நெஞ்சு கொதிச்சது. எங்கட அப்புமாரும் மரை வேட்டைக்குப் போனவை தானே, நாங்கள் இண்டைக்கு வட்சப் பாக்கிறதால வன்னி ஆக்கள் இல்லையெண்டு ஆகிடுமோ?

நேரமிருந்தா மட்டக்களப்பில வாகரைப் பக்கமும் ஒருக்கா போங்கோ, அங்க தமிழ் பேசுற வேடர் இருக்கினம், இடையில ஒருத்தர் நிண்டு சொல்லித்தரத் தேவையில்லாமல் நேர இருந்து கதைக்கலாம். போட்டு வந்து ஆரோட என்ன கதைச்சனீங்கள் எண்டு எழுதுங்கோ.