டிசிபி இருந்தும் பியர் டு பியர் செயலியில் மெசேஜ் தொலைந்து போகிறதே, என்ன செய்யலாம்?

கேள்வியைப் பார்த்தால், டிசிபி (கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுபோகும் நெட்வொர்க் விதிமுறை) வழியாக அனுப்பும் சென்ட் ஃபங்ஷன் பிழையில்லாமல் திரும்பியதுமே திரையில் டிக் போட்டுவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அதையே செய்து அசிங்கப்பட்டவன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு ஜவுளிக்கடைக்குச் செய்த வேலை. மூன்று பில்லிங் கவுன்டர், பின்தெருவில் குடோன், எல்லாமே லினக்ஸ். நடுவில் சர்வர் வேண்டாம் (அதுதான் பியர் டு பியர்), ஒன்று படுத்தாலும் மற்றவை ஓட வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை. (நடுவில் மெசேஜை வாங்கி வைத்துக் கொடுக்கும் ராபிட்எம்க்யூ போட்டிருக்கலாமே என்று கமென்டில் வருவீர்கள். சொல்லிப் பார்த்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.) ஆடித் தள்ளுபடி சமயம், சனிக்கிழமை சாயங்காலம், குடோனில் கரன்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. கவுன்டரில் சரக்கு கேட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், டிக்கும் விழுந்துகொண்டே இருக்கிறது. "டிக் விழுந்துச்சே தம்பி, சரக்கு எங்க?" என்று முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்டார்.

சென்ட் வெற்றி என்றால் பைட்டுகள் என் பக்கத்துக் கெர்னல் பஃபரில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில்) இறங்கிவிட்டன, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் செத்துக் கிடந்தாலும் கெர்னல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, லினக்ஸின் வழக்கமான அமைப்பில் கிட்டத்தட்ட 15 நிமிடம் கழித்துத்தான் கைவிரிக்கும். சரி, அங்கே இருக்கும் கெர்னல் வாங்கிக்கொண்டது என்றே வைப்போம், புரோகிராம் அதை டிஸ்க்கில் எழுதுவதற்குள் கரன்ட் போனால் அதுவும் போச்சு. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984-இல் எழுதிய எண்ட் டு எண்ட் கட்டுரையில் இருக்கும் விஷயம்தான் இது. கல்லூரியில் எங்களுக்கு "டிசிபி நம்பகமானது, யூடிபி நம்பகமற்றது" என்று இரண்டு மார்க் விடையாக மட்டும் வந்தது. சாக்கெட் புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதச் சொல்லி, மார்ஜின் கோடு கோணல் என்று திருப்பிக் கொடுத்த லேப் அது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, விடுங்கள்.

பிறகு மாற்றி எழுதினேன். அனுப்ப வேண்டியதை முதலில் டிஸ்க்கில் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதி வைப்பது, எதிர்ப்பக்கம் தன் டிஸ்க்கில் பதிந்துவிட்டு "கிடைத்தது" என்று பதில் அனுப்பினால் மட்டும் டிக் போடுவது, பதில் வராவிட்டால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே மறுபடி அனுப்புவது. எல்லா பெட்டிகளும் ஒரே நொடியில் முட்டாமலிருக்க அந்த இடைவெளியில் கொஞ்சம் ரேண்டமும் வேண்டும். மறுபடி அனுப்பினால் ஒன்றே இரண்டு முறை வரத்தான் செய்யும், எனவே ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி.

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்கினேன். ஏற்கெனவே வந்த ஐடி என்றால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டேன். முதல் பதில் வழியில் தொலைந்திருந்ததால் அனுப்புகிறவர் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். பழையதுதான் என்றாலும் பதில் கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, ஐடியை 1, 2, 3 என்று மெமரியில் எண்ணினேன். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி 1. புத்தம் புது ஆர்டரெல்லாம் பழையது என்று கழிந்தன. யூயூஐடி (மறுபடி வர வாய்ப்பே இல்லாத அளவு நீளமான ஐடி) போட்டபின் தீர்ந்தது.

இதைவிட நல்ல வழி இருக்கலாம், நான்கு பெட்டிக்கு இது போதுமாக இருந்தது. இணையம் வழியாக, நாட் (NAT, ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்) தாண்டிப் போகிறீர்கள் என்றால் அது தனிக் கதை.

டெஸ்ட் செய்யும்போது புரோகிராமைக் கில் செய்து பார்க்காதீர்கள். அப்போது கெர்னல் ஒழுங்காக இணைப்பை மூடிவிடும், எதிர்ப்பக்கத்துக்கு உடனே தெரிந்துவிடும். என் டெஸ்டெல்லாம் பாஸானது அப்படித்தான். பவர் வயரைப் பிடுங்குங்கள்.